பூஜ்யம் காட்டிய பெட்டி

நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆண்டு விழா வருகிறதாம். மலர் போடுகிறார்கள். "அக்கா, நீங்க ஒரு அனுபவக் கட்டுரை எழுதணும். பாசிட்டிவா இருக்கணும், ரொம்ப டெக்னிக்கலா வேணாம்" என்று இப்போது அங்கே இருக்கும் பெண்கள் இரண்டு பேர் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். கூடவே கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டர் சில்லின் பெருமையும் வந்தது. எண்களையெல்லாம் எட்டு பிட்டுக்குள் அடக்கிவிட்டார்களாம். அடுத்தது நான்கு பிட்டாம். இந்தப் போக்கில் போனால் நான் கண்ணை மூடுவதற்குள் எண்ணே இல்லாமல் கணக்குப் போடும் சில்லையும் பார்த்துவிடுவேன்.

பாசிட்டிவாக எழுதப் பார்க்கிறேன். பிடிக்காததை வெட்டிக்கொள்ளட்டும். சின்னதாக இருப்பதை வெட்டுவதில் எங்கள் கம்பெனிக்கு நல்ல அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் பெயர் பார்வதி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா பேக்டரியில், அம்மா கொழுந்து பறிப்பில். கோலாலம்பூரில் படிப்பு, பினாங்கில் சில வருஷம் தொழில் பழக்கம், அப்புறம் இந்தக் கம்பெனி. என் வேலை, கம்ப்யூட்டர் சில்லுக்குள் கணக்குப் போடும் பகுதியை வடிவமைப்பது. ஊரில் கேட்டவர்களுக்கு "கல்குலேட்டர் ரிப்பேர்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். சில்லு ஓர் எண்ணை இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளும். ஒரு துண்டில் இலக்கங்கள், இன்னொன்றில் புள்ளி எந்த இடத்தில் நிற்கிறது என்ற தகவல். புள்ளி இப்படியும் அப்படியும் மிதக்கும் என்பதால் மலையின் எடையையும் எழுதலாம், கொசுவின் எடையையும் எழுதலாம். ஆனால் இதை வைத்துக் கூட்டுவதும் கழிப்பதும் பெரிய பாடு. அதனால் எங்கள் தொழிலே குறுக்கு வழி கண்டுபிடிக்கும் தொழில்.

எல்லாக் குறுக்கு வழியும் அயோக்கியத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். சில்லுக்கு வகுத்தல் என்றால் வேப்பங்காய், பெருக்கல் என்றால் கரும்பு. ஆகவே ஏழால் வகுக்கச் சொன்னால் நாங்கள் வகுக்கவே மாட்டோம். ஒன்றில் ஏழு பங்கு சுமாராக 0.14 என்று ஒரு குட்டி அட்டவணையில் இருக்கும். அதை ஏழால் பெருக்கினால் 0.98. இரண்டிலிருந்து அதைக் கழித்தால் 1.02. அதை மறுபடி 0.14-ஆல் பெருக்கினால் 0.1428. இன்னொரு சுற்று விட்டால் இன்னும் நெருங்கும். வகுக்காமலே வகுத்தாகிவிட்டது! முதன்முதலில் நான் வரைந்த சுற்று இதைச் செய்து காட்டிய அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதில் தந்திரம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு பிசகும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்து செய்கிற பிசகோடு குடித்தனம் நடத்தலாம்.

இப்போது எங்கள் மேலதிகாரிக்கு வருவோம். பெயர் வேண்டாம், மலரின் முதல் பக்கத்தில் அவர் படம் வரத்தான் போகிறது. சில்லைச் சோதிக்கும் மிஷின்கள் அடுப்பாய்க் கொதிக்கும், அவற்றைக் குளிர வைக்கச் செலவாகும். "கேமரன்ல இயற்கையே ஏர்கோன்" என்று அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நான் பிறந்த அதே தோட்டத்தில் காலியாகக் கிடந்த பழைய வெள்ளைக்காரத் தொரை பங்களாவை வாடகைக்கு எடுத்து எங்களை மலையேற்றினார். வந்த பிறகுதான் மலையில் ஈரமும் இயற்கையே என்று தெரிந்தது. சில்லுப் பலகைகளில் பூஞ்சை பூத்தது. ஏர்கோனில் மிச்சம் பிடித்ததை ஈரம் உறிஞ்சும் மிஷின்கள் குடித்தன.

பங்களா காவல்காரர் பழக்கதோஷத்தில் அவரை "தொரை" என்று கூப்பிட்டுவிட்டார். அவர் திருத்தவில்லை. மறுவாரம் அவருடைய பெரிய மேசை, நெருப்பு எரியாத கணப்படுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அதற்கடுத்த வாரம் கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு சால்வை வந்தது. அன்றிலிருந்து தோட்டத்துச் சனங்களுக்கும் எங்களுக்கும் அவர் தொரைதான். நேரில் மட்டும் டாக்டர் என்போம்.

அவரிடம் ஒரு ஓட்டப்பந்தயக் கடிகாரம் இருந்தது. கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் பொத்தானை அமுக்குவார். ஒரு நிமிஷம் ஆனதும் டிக் என்று நிறுத்தி, "ஃபாஸ்ட் லா, ஃபாஸ்ட்" என்பார். அவர் பேசும்போது கடிகாரம் சட்டைப்பையில் தூங்கும். ஆனால் மனுஷன் மகா கெட்டிக்காரர். என் சுற்றுப் படத்தைத் தலைகீழாக வைத்தாலும் பிழையைத் தொட்டுக் காட்டுவார். மடையராக இருந்திருந்தால் நான் அவரை என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

வெட்டவெளியில் வைக்கும் அளவுப் பெட்டிகளுக்காக ஒரு சின்னச் சில்லு செய்தோம். பேட்டரியில் ஓட வேண்டும் என்பதால் எண்ணுக்குப் பதினாறு பிட்தான் இடம். அதில் புள்ளி இடப்பக்கம் போவதற்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய 0.00006 வரை எல்லா இலக்கங்களோடும் எழுதலாம். அதற்கும் கீழே ஓர் எண் வந்தால் என்ன செய்வது? நேர்மையான வழி, இலக்கங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கடைசி இலக்கம் இருக்கும்வரை அந்த எண்ணைக் காப்பாற்றுவது. இதற்குத் தனிச் சுற்று வேண்டும், நேரமும் பிடிக்கும். குறுக்கு வழி, பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. தொரைக்கு எது பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூரில் ஒரு கண்காட்சி வரவிருந்தது. அதில் 'இந்த அளவுச் சில்லில் இதுதான் மிக வேகம்' என்று பலகை வைக்க அவருக்கு ஆசை.

கூட்டத்தில் நான் எழுந்தேன். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

"டாக்டர், இப்படிச் செஞ்சா ரெண்டு வேற வேற நம்பரைக் கழிச்சாலும் பூஜ்யம் வரும்."

"வரட்டுமே."

"ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா வித்தியாசமே இல்லன்னு சில்லு சாதிக்கும். அதை நம்பி ஒருத்தர் புரோகிராம் எழுதுவார்."

"மிஸ் பார்வதி, அவ்வளவு பொடி வித்தியாசம் உலகத்துல யாருக்கு வேணும்? நகைக்கடைக்காரனுக்கே வேணாம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். டிக்.

கடைசியில் ஒரு சமரசம். நேர்மையான சுற்றையும் சில்லுக்குள் வைப்பது, அதற்கு ஒரு சுவிட்ச் வைப்பது, பேக்டரியை விட்டுப் போகும்போது சுவிட்ச் குறுக்கு வழிப் பக்கம் இருப்பது. எனக்கு வெற்றி மாதிரி ஒரு தோல்வி. எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு: பேக்டரியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொள்வார்கள். அந்தச் சுவிட்சை ஒருத்தரும் தொடப்போவதில்லை என்று தொரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தச் சில்லு போன முதல் இடம் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன். அங்கே லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு சரிவு. மேலே தேயிலை, நடுவில் புல், அடியில் வீடுகளின் குசினி, அதாவது சமையலறை. ஒரு மழையில் ஓரமாய்க் கொஞ்சம் மண் இறங்கிக் கோழிக்கூட்டை மூடிவிட்டது. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்ததைக் கண்ணால் பார்த்த சனங்கள், மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றார்கள். தோட்ட மேனேஜர் எங்கள் பெட்டிகளை வாங்கினார். சரிவில் ஆள் உயர இரும்புக் கம்புகளை ஊன்றி, கம்புக்கு ஒரு பெட்டி பொருத்தினோம். கம்பின் தலை அதன் உயரத்தில் எத்தனை பங்கு சாய்ந்திருக்கிறது என்று பெட்டி மணிக்கு ஒரு தடவை அளக்கும். போன அளவை இந்த அளவிலிருந்து கழிக்கும். அந்த வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே வரும். கூட்டல் எல்லை மீறினால் லயத்து முனையில் அபாயச் சங்கு அலறும்.

அந்த லயத்தின் கடைசி வீடு என் தங்கை சரோஜாவுடையது. கொழுந்து பறிப்பாள், சாயங்காலம் தையல் மிஷினில் உட்காருவாள். அவள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். திரிங்காப் ஊரில் காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்கினால் மறுநாள்தான் திரும்புவார். வீட்டில் மாமியாரும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

பெட்டி திறப்பு விழாவுக்குக் கூடாரம், மாலை, கரிபாப் எல்லாம் வந்தன. மேனேஜர் பேசினார். தொரை பேசினார். பிறகு தொரை சரிவில் ஏறி, முதல் கம்பை ஓங்கி ஓர் உதை விட்டார். சங்கு அலறியது. சனங்கள் கை தட்டினார்கள். பெட்டி பாஸ்.

"கா, நீ செஞ்ச மிஷினா இது?" என்று சரோஜா கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ இனிமே மழை பேஞ்சாலும் நிம்மதியா படுக்கலாம்."

மலை உதைக்காது, மெதுவாகத்தான் சாயும். அன்றைக்கே தொரையிடம் போய், இந்தப் பெட்டிகளுக்கு மட்டுமாவது சுவிட்சை மாற்றலாம் என்றேன். "பேட்டரி உங்க அப்பா வீட்டுதா? மூடுபனியில சோலார் எங்க லா வேலை செய்யுது?" என்றார். அதில் நியாயமும் இருந்ததுதான் எரிச்சல்.

மழைக்காலம் வந்தது. பங்களாச் சுவரில் ஒரு திரை மாட்டி, பெட்டிகள் அனுப்பும் கணக்கைக் காட்டினார்கள். பூஜ்யம். அடுத்த நாள் பூஜ்யம். எல்லாப் பெட்டியிலும் எந்நேரமும் பூஜ்யம். தொரை குளிர் காய்ந்தார். 'ஜீரோ மூவ்மென்ட்' என்று துணியில் அச்சடித்துக் கணப்படுப்புக்கு மேல் தொங்கவிட்டார். மேனேஜரும் வந்து அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பூஜ்யத்தைப் பிடிக்கவில்லை. அது சுத்தமாக இருந்தது. எந்த அளவுக் கருவியும் சும்மா வைத்தாலே கொஞ்சம் ஆடும். பகல் வெயிலில் இரும்பு நீளும், ராத்திரிக் குளிரில் சுருங்கும். வெட்டவெளியில் நிற்கிற ஒரு கம்பு மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது என்றால், கம்பு யோக்கியமாக இருக்கலாம், கணக்கு யோக்கியமாக இல்லை. ஒரு மழை ஓய்ந்த காலை, லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு சரிவேறினேன். சரோஜா வீட்டுக்கு மேலே இருந்த பெட்டியில் கம்பியைச் சொருகி, கழிப்பதற்கு முன்னால் இருக்கும் அளவுகளைக் கேட்டேன்.

போன மணி நேரத்து அளவு 0.02960. இந்த மணி நேரத்து அளவு 0.02963. வித்தியாசம் 0.00003. பெட்டி எழுதியிருந்தது பூஜ்யம்.

பெட்டி பொருத்திய நாளின் அளவும் உள்ளேயே கிடந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை. 0.00210. அன்றைக்கும் இன்றைக்கும் கணக்குப் பார்த்தால், என் முன்னால் நின்ற கம்பின் தலை ஏறக்குறைய மூன்று விரல் அகலம் லயத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. மணிக்கு மணி ஒரு துளி. ஒவ்வொரு துளியையும் என் சில்லு துடைத்து எறிந்திருந்தது. கீழே சரோஜாவின் கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எண்களைக் குறித்துக்கொண்டு நேராகப் பங்களாவுக்குப் போனேன்.

தொரையிடம் இரண்டு எண்ணையும் காட்டினேன். விளக்கமே தேவைப்படவில்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"எக்சிபிஷன் முடியட்டும். வந்து சுவிட்சை மாத்திடலாம்."

"எக்சிபிஷன் முடியுறவரைக்கும் மலையை நிக்கச் சொல்லி லெட்டர் போடுவோமா டாக்டர்?"

"இப்போ மாத்தினா பெட்டியெல்லாம் ஸ்லோ ஆயிடும். போர்டுல ஒரு நம்பர் போட்டிருக்கோம், ஃபீல்டுல வேற நம்பர் ஓடுதுன்னு எவனாச்சும் கேப்பான். ரெண்டு வாரம்தானே."

"அங்க என் தங்கச்சி இருக்கா."

"ஒரு நிமிஷம் ஆச்சு மிஸ்."

அறையில் நானும் அவரும் மட்டும்தான். அப்போதும் அந்தக் கடிகாரத்தை அமுக்கி வைத்திருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் கொழுந்து நிறுக்கும் இடம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில், முழுக் கிலோவுக்கு மேல் வரும் சில்லறையைக் கணக்கெழுதும் கிராணி கணக்கில் எடுக்க மாட்டார். கூடைக்குக் கூடை அந்த மிச்சம் தோட்டத்துக்கே போய்விடும். பெண்கள் சண்டை போட்டுப் பார்த்து அலுத்துவிட்டு, வேறு வழி கண்டார்கள். அரைகுறைக் கூடையை நிறுவைக்கே கொண்டுபோக மாட்டார்கள். ஒன்றோடொன்று கொட்டிச் சேர்த்து, நிறைந்த பிறகுதான் போவார்கள். மேல் டிவிஷனில் இதைச் செய்யாத வீடு கிடையாது. சில்லும் ஒரு கிராணிதான். மணிக்கு மணி துளித் துளியாக நீட்டினால் துடைத்துவிடும். சேர்த்துக் கொடுத்தால் துடைக்க முடியாது. அதாவது, போன மணி நேரத்து அளவைக் கழிக்காமல், பொருத்திய நாளின் அளவைக் கழிக்க வேண்டும். சுவிட்ச் வேண்டாம், பேட்டரி வேண்டாம், தொரையின் பலகையில் உள்ள நம்பர் ஒரு புள்ளி குறையாது. புரோகிராமில் ஒரே ஒரு வரி.

அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கடிகாரத்தை எடுப்பார். மறுபடி சரிவேறி அந்த ஒரு வரியை மாற்றினேன். பெட்டி ஒரு தடவை கழித்துப் பார்த்தது. லேப்டாப்பை மூடுவதற்குள் சங்கு அலற ஆரம்பித்துவிட்டது.

பறிப்பில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கிழவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்த கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். சரோஜா மாமியாரைச் சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் ஜீப்பும் தொரையின் காரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"நேத்து வரைக்கும் கோசோங்தானே காட்டுச்சு?" என்றார் மேனேஜர். பூஜ்யத்துக்கு இங்கே மலாயில் கோசோங் என்போம். "ஒரே நாள்ல எப்படிங்க மலை சாயும்?"

"ஒரே நாள்ல சாயல சார். தெனமும் சாஞ்சுச்சு. பெட்டி சொல்லல."

"சொல்லாத பெட்டி இப்போ மட்டும் எப்படிச் சொல்லுது?"

நான் பதில் சொல்வதற்குள் தொரை லேப்டாப்பை வாங்கிக்கொண்டார். என் ஒரு வரியைப் படித்தார். புருவம் உயர்ந்தது. ஒரு கணம் பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன். "ஸ்மார்ட்" என்றார். பிறகு இரண்டு தட்டு தட்டினார். சங்கு நின்றது.

அவர் செய்ததைச் சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். என் வரியை அழிக்கவில்லை. பொருத்திய நாள் என்று இருந்த இடத்தில் இன்றைய அளவைப் போட்டுவிட்டார். இன்றிலிருந்து இன்றைக் கழித்தால் பூஜ்யம்தானே. மூன்று விரல் சாய்ந்த மலையை, இரண்டு தட்டில் நிமிர்த்திவிட்டார்.

"பாருங்க, கோசோங்" என்று திரையைச் சனங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "மிஸ் பார்வதி அவங்க தங்கச்சி மேல உள்ள பாசத்துல கொஞ்சம் இமோஷனல் ஆயிட்டாங்க. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, அதில் நாகரிகம் இல்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. சனங்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கையில் ஒரு எண் இருந்தது. என் கையில் ஓர் அழுகை. சிலர் லயத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

சரோஜா மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போவல. எங்கக்கா சின்ன வயசுலேருந்து எதுக்கும் அழாத ஆளு. பிரம்படி பட்டப்பகூட அழல. அவ இப்படி அழுதா எனக்குப் போதும்" என்றாள். நடந்தவர்களில் பாதிப் பேர் நின்றார்கள்.

தொரைக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. "நானே உள்ள போய் உக்காந்து காட்டுறேன்" என்றார். நேராகச் சரோஜா வீட்டுக்குள் போனார். போகும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தார், அந்த மரியாதை அவரிடம் உண்டு. முன் அறையில் தையல் மிஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் கார் டிரைவரின் பிளாஸ்கிலிருந்து தே, அதாவது தேத்தண்ணி, ஊற்றச் சொல்லிக் குடித்தார். மேனேஜர் வெளியே நின்று படம் எடுத்தார். கவனிக்க வேண்டும், வெளியே நின்றுதான் எடுத்தார். வீட்டுக்குள் போகலாமா வேண்டாமா என்று நின்ற சனங்களுக்குத் தொரை சன்னல் வழியாகவே உரையாற்றத் தொடங்கினார். நமது தொழில்நுட்பம், நமது வேகம், நமது நாடு. கடிகாரம் பையில் தூங்கியது. சாரல் மழையானது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருப்பார், ஏனென்றால் அதற்குள் பெட்டி ஒரு தடவை அளந்துவிட்டது.

அவர் அவசரத்தில் என் வரியை விட்டுவைத்தார் இல்லையா? அது, தொரை போட்ட இன்றிலிருந்தே மறுபடி கணக்கைத் தொடங்கியிருந்தது. மலையும் இப்போது துளித் துளியாக இறங்கவில்லை. இரண்டாவது கிளாஸ் தேயை அவர் வாய்க்குக் கொண்டுபோன நேரம், சங்கு அலறியது.

அந்தப் பெட்டியைப் பற்றி உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் நானும் அவரும். சங்கை அவர் நொடியில் நம்பினார். தே ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம். காலுறையோடு சேற்றில் பாய்ந்து, மேனேஜரைத் தாண்டி, மண்டபத்துப் படியில் இரண்டு இரண்டாக ஏறினார். அத்தனை வருஷம் வேகம் வேகம் என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். லயத்துக்குள் போயிருந்தவர்களை இழுத்து வெளியே கொண்டுவர நாங்கள் கீழே ஓடினோம். அவர் மேலே இருந்து "ஃபாஸ்ட், ஃபாஸ்ட்" என்று உற்சாகப்படுத்தினார்.

எல்லோரும் வந்து சேர்ந்து, கங்காணி ஆள் எண்ணி முடித்த பிறகு மலை இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. சரோஜா வீட்டுக் குசினி வழியாக நுழைந்து முன் வாசல் வழியாக வெளியே வந்தது. தையல் மிஷின், பிள்ளைகளின் புத்தகப் பை, மாமியாரின் மருந்து, தொரையின் சப்பாத்து, எல்லாம் அதோடு போயின.

சரோஜா பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "கா, பெட்டி மொதல்லேருந்தே நேரா சொல்லியிருந்தா எப்போ கத்தியிருக்கும்?" என்று கேட்டாள்.

"தீவாளிக்கு முன்னாடியே."

"அப்போ எங்க வூட்டுக்காரரு லோரியிலேயே எல்லாச் சாமானையும் ஏத்தியிருக்கலாம்" என்றாள். தீபாவளி இரவு மழை கொட்டியது. அவர்கள் நால்வரும் அந்த வீட்டில்தான் படுத்திருந்தார்கள். அதை அவள் சொல்லவில்லை. நான்தான் நினைத்து நினைத்துச் செத்தேன்.

மண்டபத்தின் மறு மூலையில் தொரை, யாரோ கொடுத்த செலிப்பரை மாட்டிக்கொண்டு, போனில் பத்திரிகைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க சில்லோட வேகம்தான் இத்தனை உயிரைக் காப்பாத்துச்சு" என்பது இந்தப் பக்கம் வரை கேட்டது. சரோஜா எழுந்து போனாள். கையை நீட்டினாள். பாதிக்கப்பட்டவர் இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்று அவரும் போனைக் கொடுத்தார்.

"ஹலோ, நான் வீடு போனவ பேசுறேன். அந்தத் தொரை எங்களைத் திரும்பிப் போங்கன்னு சொன்னாரு. அதையும் போடுங்க" என்று சொல்லிவிட்டு, போனை அவர் கையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பத்திரிகையில் அது வரவில்லை. தொரை சன்னலுக்குள் உட்கார்ந்து தே குடிக்கும் படம் வந்தது. 'கடைசி நிமிடம் வரை களத்தில் இருந்த விஞ்ஞானி' என்று கீழே எழுதியிருந்தார்கள். கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. சில மாதம் கழித்துச் சுவிட்ச் எல்லாப் பெட்டியிலும் நேர்மையான பக்கம் மாற்றப்பட்டது. 'ப்ரீமியம் மோட்' என்று பெயர் வைத்து, கூடுதல் விலை போட்டு விற்கிறார்கள். யோசனை தொரையுடையது என்று கையேட்டில் இருக்கிறது. நான் ஓய்வு பெறும் வரை அதே பங்களாவில்தான் வேலை பார்த்தேன். துணிப் பதாகையை மட்டும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டார்கள்.

சரோஜாவுக்குத் தோட்டத்தில் புது வீடு கொடுத்திருக்கிறார்கள். இந்த மலையில் சமதரையில் வீடு கட்டுவது எங்கே? அதற்குப் பின்னாலும் ஒரு சரிவு, அதிலும் எங்கள் பெட்டி. கணக்கை என் கைப்பேசியில் பார்க்கலாம். மழை வலுக்கும் நாளில் அவள் ஆபீசைக் கூப்பிட மாட்டாள், என்னைக் கூப்பிடுவாள். நான் எண்ணை முழுசாகப் படிக்க வேண்டும். கோசோங் பாயிண்ட் கோசோங் கோசோங் கோசோங் கோசோங் இரண்டு. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கண் எரிச்சலோடு திரையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, படு" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னா எவ்வளவு கா?" என்றாள்.